பாபநாசத்து அருவியும் செப்புத் தகடும்

கவிதையை ஆராயத் தமிழில் ஆயிரவர் உளர். ஓவியத்தை ஆராய்வோர் மிகச் சிலரே. ஓவியம் என்று பேசத் தொடங்கினாலும் அஜந்தா, சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் என்ற அளவோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அயல்நாட்டார் நம் மண்ணுக்கு வந்து, நம் மலையையும் ஆற்றையும் பார்த்து வரைந்து சென்ற படங்கள் பல அருங்காட்சியகங்களில் உறங்குகின்றன. அவற்றை வரலாற்று ஆசிரியர் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார். இலக்கியம் கற்றவர் எட்டியும் பார்ப்பதில்லை. அத்தகைய படம் ஒன்றை, இலக்கியத்தைப் படிக்கும் கண்ணோடு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் படம் ‘திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்து அருவி’ என்பது. வரைந்தோர் தாமஸ் டானியலும் அவர்தம் உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டானியலும். இதனை மும்பைத் தமிழர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்வோர் தஞ்சை, பாலக்காடு, திருச்சி எனப் பல ஊர்களைச் சொல்வர். தாராவியில் நின்று எந்த ஊர் என்று கேட்டால் பத்துப் பேரில் பலர் நெல்லைச் சீமையின் ஏதேனும் ஓர் ஊரைச் சொல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் துறைமுகக் கூலிக்குமாக அங்கிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்தம் கடைச் சுவர்களில் அருவிப் படம் போட்ட நாள்காட்டி தொங்குவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்த நாள்காட்டிப் படங்களுக்கெல்லாம் மூதாதை என்று இந்த டானியல் படத்தைச் சொல்லலாம்.

தாமஸ் டானியல் (1749–1840) இங்கிலாந்தில் பெரும்புகழ் பெறாத இயற்கைக் காட்சி ஓவியர். 1785இல், பதினாறு வயதே நிரம்பிய வில்லியமை (1769–1837) உதவிக்கு அழைத்துக்கொண்டு கப்பலேறினார். சீனம் வழியாகக் கல்கத்தாவை அடைந்து, அந்நகரின் காட்சிகளைப் பன்னிரண்டு படங்களாக வெளியிட்டு, பின்னர் வடநாடு முழுதும் சுற்றி இமயத்து அடிவாரம் வரை சென்றார். தெற்கே வரப் பணம் வேண்டியிருந்தது. வரைந்த படங்களைக் குலுக்கல் சீட்டில் வைத்து அப்பணத்தைத் திரட்டினார். 1792இல் சென்னையை அடைந்து, ஏப்ரலில் புறப்பட்டு, பாராமகால் மலைக்கோட்டைகள், திருச்சி, மதுரை, நெல்லை, இராமேசுவரம், தஞ்சை எனச் சுற்றி, 1793 ஜனவரியில் மீண்டும் சென்னைக்குத் திரும்பினர். பல்லக்குச் சுமப்போரும் சமையற்காரரும் ஏவலருமாகப் பெருங்கூட்டம் ஒன்று உடன் சென்றது. மலைமேல் படம் வரையும் கருவிகளை ஏற்றியவர்களும், வழி காட்டியவர்களும் அவர்களே. அவ்வாண்டே இருவரும் நம் மும்பைக்கும் வந்து எலிபண்டாக் குகைகளை வரைந்தனர். 1794இல் இங்கிலாந்து திரும்பினர்.

திரும்பியபின் அவர்கள் செய்த வேலைதான் பெரிது. 1795 முதல் 1808 வரை பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து, ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெயரில் 144 படங்களை வெளியிட்டனர். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். செல்வர்களே வாங்கக்கூடிய பொருள் அது என்பதை அவ்விலையே சொல்லும். நாம் பேசும் அருவிப் படம், 1807இல் நிறைவுற்ற நான்காம் தொகுதியைச் சேர்ந்தது. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகம் இத்தொகுதிகளைப் பாதுகாக்கிறது. நம் நாட்டில் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபம் டானியல்களின் படைப்புகள் மிகுதியாகச் சேர்ந்துள்ள இடமாகும்.

இனி, இப்படம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைச் சிறிது விரிவாகக் காண வேண்டும். ஏனெனில் இதன் அழகும் இதன் குறையும் ஆக்கிய முறையிலேயே தொடங்குகின்றன.

இருட்டுப் பெட்டி போன்ற ‘கேமரா அப்ஸ்கூரா’ என்னும் கருவியை டானியல்கள் உடன் கொண்டு சென்றனர். துளையின் வழியே வரும் ஒளி, எதிரே உள்ள காட்சியைத் தாளின் மேல் வீழ்த்தும். வீழ்ந்த காட்சியின் ஓரங்களைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். ஆகவே மலையின் வடிவும் பாறையின் கோணமும் பெரும்பாலும் பிழையற அமைந்தன. ஊர் திரும்பியபின் அந்த வரைவுகளைச் செப்புத் தகட்டுக்கு மாற்றினர். தகட்டின்மேல் மெழுகு பூசி ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, கீறிய கோடுகளை அரிக்கச் செய்வது பழைய முறை. டானியல்கள் கையாண்டதோ அதன் தங்கை முறையாகிய ‘அக்வாடின்ட்’. இதில் கோட்டைவிடச் சாயலுக்கே முதன்மை. தகட்டின்மேல் பிசின் தூளை மெல்லிய மழைபோலத் தூவிச் சூடேற்றினால், துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இட்டதும் துகள்களுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கப்படும். வெண்மையாக நிற்க வேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மறைத்துவிடுவர். சற்றுக் கருமை வேண்டிய இடத்தைச் சிறிது நேரம் அரிக்கவிட்டு மறைப்பர். மிகக் கருமை வேண்டிய இடம் கடைசிவரை அமிலத்தில் கிடக்கும். பின்பு மை ஏற்றி அச்சிட்டு, நீர்வண்ணத்தைக் கையால் தீட்டினர்.

அருவிக்கு இம்முறை எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அருவியின் வெண்மையை ஓவியன் தீட்டவில்லை. அமிலம் தீண்டாமல் காத்த வெறும் தாளே அங்கு நீராக ஓடுகிறது. இருபுறமும் உள்ள பாறைகளோ அமிலத்தில் நெடுநேரம் கிடந்து கருத்தவை. பொதியமலைப் பாறையின் சொரசொரப்பைப் பிசின் துகள்களின் மணல்போன்ற சாயல் தானாகவே தந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் இதனை எட்டுவது கடினம். தொழில்திறன் என்ற அளவில் இப்படத்தை நாம் தயக்கமின்றிப் பாராட்டுகிறோம். கரும்பாறைகளுக்கு நடுவே நீர் விழுகிறது. கீழே மனித உருவங்கள் மிகச் சிறியனவாக நிற்கின்றன. பார்ப்பவர் நெஞ்சில் முதலில் எழுவது வியப்பே.

ஆயின் ஒரு படம் வியப்பூட்டினால் மட்டும் போதுமா? அந்த வியப்பு யாருடையது என்று கேட்பதும் திறனாய்வாளன் கடமை அல்லவா?

டானியல்கள் வெறுங்கண்ணோடு வரவில்லை. கண்ணுக்குள் ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்தனர். அந்தச் சட்டகத்தின் பிறப்பிடம் உரோமாபுரி. பிரெஞ்சு நாட்டின் எல்லையில் லொரேன் பகுதியில் பிறந்து, உரோமில் வாழ்ந்து, 1682இல் மறைந்த கிளோது என்பார், ஆயர் நிலக் காட்சிகளை வரைவதில் ஒப்பற்றவர். 1636இல் அவர் செய்த ‘மாட்டிடையன்’ என்னும் செப்புத்தகட்டு ஓவியம் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும். ஆனால் ஐரோப்பிய இயற்கை ஓவியத்தின் வரலாற்றில் அதற்குள்ள இடம் பெரிது. மரநிழலில் இடையன் ஒருவன் அமர்ந்து குழல் ஊதுகிறான். மாடுகள் நீரைக் கடக்கின்றன. அப்பால் ஒளி மங்கிய வெளி. ஒரு பக்கம் கருத்த மரம், நடுவில் நீர், தொலைவில் ஒளி, முன்னிலத்தில் சிறு மனிதரும் கால்நடையும் என்னும் இந்த அமைப்பு, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில ஓவியர்களுக்கும் தோட்டம் அமைப்போருக்கும் இலக்கணமாயிற்று. இதனைக் கொண்டே ‘பிக்சரஸ்க்’ என்னும் கொள்கையை வகுத்தனர். டானியல்கள் கங்கைக் கரையில் இதனைப் பொருத்தினர், பாராமகாலில் பொருத்தினர், பொருநைக் கரையிலும் பொருத்தினர்.

கிளோதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவருடைய இடையன் படத்தில் உண்மையான மாலை இருக்கிறது. ஆயினும் அந்த ஆயர் மரபின் வேரை நோக்கினால் வியப்பான ஒன்று புலப்படும். ஐரோப்பிய ஆயர் பாடல்களுக்கு வழிகாட்டியவர் இலத்தீன் புலவர் வெர்ஜில். அவருடைய ஆயர் பாடல்களில் முதலாவது, இரண்டு இடையர்களின் உரையாடல். ஒருவன் தன் நிலத்தைக் காத்துக்கொண்டு மரநிழலில் பாடிக்கொண்டிருக்கிறான். மற்றவனோ நிலம் பறிபோய், ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுகிறான். உள்நாட்டுப் போரின் முடிவில் படைவீரர்களுக்கு நிலம் பிரித்துக்கொடுக்கப்பட்ட காலத்தின் நிழல் அது. ஆயர் இலக்கியத்தின் வாயிலிலேயே ஊரிழந்தவன் ஒருவன் நிற்கிறான். பின்வந்த ஓவியர்களோ நிழலில் இருப்பவனை மட்டும் வைத்துக்கொண்டனர். வெளியேறியவனைத் தகட்டிலிருந்து அழித்துவிட்டனர்.

நம் மரபில் இது நிகழ இயலாது. ஏன்?

தொல்காப்பியர் வகுத்த திணைக் கோட்பாட்டில் நிலம் தனியே நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். இவ்விரண்டும் எதற்காக? உரிப்பொருளுக்காக, அதாவது அந்நிலத்து மாந்தர் நெஞ்சில் நிகழ்வதற்காக. முல்லை என்றால் காடும் மாலையும் கார்காலமும் மட்டுமல்ல; பிரிந்து சென்றவன் வருவான் என்று ஆற்றி இருக்கும் ஒருத்தியின் இருப்பும் சேர்ந்ததே முல்லை. மாடு வீடு திரும்பும் காட்சி அங்கே அழகுக்காக வருவதன்று. மாடு திரும்பிவிட்டது, அவன் திரும்பவில்லை என்பதற்காக வருவது. கிளோதின் மாடு நீரைக் கடப்பதற்கும் முல்லைப் பாட்டுடைத் தலைவியின் முன் மாடு மணியொலிக்க வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதில் காட்சி உண்டு. பின்னதில் காட்சியும் அதைக் காண்பவளும் உண்டு.

டானியல் படத்தில் முதற்பொருள் நிறைந்திருக்கிறது. கருப்பொருள் சிறிது இருக்கிறது. உரிப்பொருள் அறவே இல்லை. அருவியடியில் நிற்கும் அச்சிறு உருவங்கள் மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்கள். அவர்கள் நீராட வந்தார்களா, பிதிர்க்கடன் செலுத்த வந்தார்களா, மழை பொய்த்ததென்று வேண்டிக்கொள்ள வந்தார்களா என்ற வினா ஓவியரின் உள்ளத்தில் எழுந்ததற்கு அடையாளம் படத்தில் இல்லை. இது அகத்தியர் மலை என்றும் தமிழுக்குத் தாய்வீடென்றும் நாம் போற்றும் பொதியம். படத்தின் தலைப்போ சீமையின் பெயரோடு நின்றுவிடுகிறது.

தலைப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. அதே தொகுதியில் ‘குமரி முனை, களக்காட்டருகே எடுத்தது’ என்று பெயரிட்ட படம் ஒன்றும் உண்டு. களக்காட்டிலிருந்து குமரி முனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்! மலைத்தொடரின் தென்கோடியையே முனையென்று கொண்டனர் போலும். நெல்லைப் பிள்ளை எவனைக் கேட்டிருந்தாலும் திருத்தியிருப்பான்.

இதற்கு எதிரே ஒரு தமிழ்ப் படைப்பை வைத்துப் பார்ப்போம். டானியல்களுக்கு முன்னர், அதே பதினெட்டாம் நூற்றாண்டில், அதே மலைத்தொடரின் மற்றோர் அருவிக் கரையில் எழுந்தது திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி. அங்கும் மலைவளம் உண்டு, அருவி உண்டு, மிகைப்படுத்தலும் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் மலைவளத்தைச் சொல்பவள் யார்? குறத்தி. தன் மலை, தன் சாதி, தன் நாடு என்று அவள் வாயாலேயே சொல்கிறாள். சொல்லிவிட்டு, தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்லிக் கூலியும் பெறுகிறாள். அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் வருகிறான். மலைக்காட்சியும் பிழைப்பும் பிரிவும் கூடலும் ஒரே பின்னலாய் நிற்கின்றன. கவிராயர் அரச ஆதரவு பெற்ற புலவர்தாம். குறத்தியை அவர் முழுதும் அறிந்து பாடினார் என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் மலையைப் பற்றிப் பேசும் உரிமை மலையில் வாழ்பவளுக்கே என்ற இலக்கிய நேர்மை அதில் உண்டு. டானியல் படத்தில் குறத்தி இருந்திருந்தால் ஓரங்குல உயரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

படம் வரைந்த காலத்தையும் கருத வேண்டும். 1792 மார்ச்சில் திப்பு சுல்தானோடு சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திண்டுக்கல்லும் பாராமகாலும் கம்பெனியார் கைக்கு வந்தன. அதன் பிறகே டானியல்கள் புறப்பட்டனர். படை சென்ற தடத்திலேயே தூரிகையும் சென்றது. அவர்கள் பாபநாசத்தில் படம் வரைந்ததற்கும் தொகுதி நிறைவுற்றதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நெல்லைச் சீமையில் நிகழ்ந்தவை என்ன? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமாயிற்று. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில் நவாபின் நாடு முழுதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. இலண்டன் செல்வர் மாளிகையில் 1807இல் இப்படத்தைப் புரட்டியவருக்கு அமைதியான ஓர் அருவியே தெரிந்தது. நேர்மையாகச் சொன்னால், ஓவியர் பொய் வரையவில்லை. அருவி அங்கே விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உண்மையின் ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு விற்பதற்கும் ஒரு விளைவு உண்டு.

அருவியின் பிற்கால வரலாறோ அதனினும் சுவையானது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் அந்த நீரின் விசையை நம்பிப் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினர். ஓவியரை வியக்க வைத்த நீர் இயந்திரத்தைச் சுழற்றலாயிற்று. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே மலைத்தொடரில், சிங்கம்பட்டி சமீனுக்குரிய 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு 1929இல் 99 ஆண்டுக் குத்தகையாகத் தேயிலைக்கென விடப்பட்டது. குத்தகை எடுத்த பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் நம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டது. நெல்லையிலிருந்து கூலிக்கு மும்பை வந்தவர்களும், மும்பையின் முதல் கூலியாட்களைத் தேடி நெல்லை மலைக்குச் சென்றதும் ஒரே காலத்துச் செய்திகள். அங்குள்ள மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊதியம் கேட்ட போராட்டத்தை ஒட்டி, 1999 ஜூலை 23இல் நெல்லையில் நடந்த ஊர்வலத்தின்மீது காவலர் தடியடி நடத்தினர். தாமிரபரணி ஆற்றில் 17 உயிர்கள் மாண்டன. குத்தகை முடிவதற்கு முன்பே, 2024இல், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. வெர்ஜிலின் ஊரிழந்த இடையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியதில்லை.

இப்படத்தைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் எளிதில் கிடைக்கும். ‘வெள்ளையன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?’ என்று புறந்தள்ளுவது ஒன்று. அவ்வாறு தள்ளினால், 1792ஆம் ஆண்டின் பொதிய மலைப் பாறையை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் வேறொரு சான்றையும் சேர்த்து இழப்போம். ‘நம் ஊர் அன்று எவ்வளவு அழகு!’ என்று உருகுவது மற்றொன்று. சங்க விழாக்களில் நாம் அடிக்கடி கேட்பது இவ்விரண்டாவது குரலே. செம்பூரில் பிறந்து, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பயின்று, தமிழை வீட்டில் மட்டும் பேசும் பிள்ளைக்கு, ‘ஊர்’ என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் இத்தகைய படத்தைத்தான்: அருவி, தென்னை, மாடு, கோபுரம். அப்படத்தில் வேலை இல்லை, பசி இல்லை, கடன் இல்லை. பொருள்வயிற் பிரிவு என்று நம் இலக்கணம் பெயரிட்டுச் சிறப்பித்த ஒன்றுதான் நம்மை இங்கே கொண்டுவந்தது. அதை மறைத்துவிட்டு அருவியை மட்டும் காட்டினால், அத்துணை அழகிய ஊரை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று பிள்ளை கேட்கும்போது விடை சொல்ல நம்மிடம் சொல் இராது.

இன்னும் ஒன்று உண்டு. இதைச் சங்க மலரில் எழுதச் சிலர் தயங்கக்கூடும். ஊர் நினைவு நம் அனைவர்க்கும் ஒன்றாக இல்லை. மாட்டுங்காவில் குடியேறிய குடும்பத்தின் பாட்டி பாபநாசத்துப் படித்துறையை நினைத்துக் கண் கலங்குகிறாள் என்றால், அந்தக் கண்ணீர் மெய்யானது. தாராவியில் குடியேறிய குடும்பத்தின் பாட்டனாருக்கோ அதே கோயில் துறையருகே செல்லும் வழி அடைபட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவை அனைவர்க்கும் உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. தாராவியின் பல குடும்பங்கள் அதற்கு முன்பே ஊரைவிட்டு வந்துவிட்டன. அவர்களுக்கு ஊர் என்பது பிரிந்து வந்த இடமா, தப்பி வந்த இடமா? இரண்டுமாக இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்கிய பாட்டனாரை எந்த ஓவியரும் வரையவில்லை; நம் எழுத்தாளரும் போதிய அளவு எழுதவில்லை.

ஆகவே இப்படத்தின் படி ஒன்றைத் தருவித்துச் சங்க நூலகத்தில் மாட்ட வேண்டுமென்றே நாம் பரிந்துரைக்கிறோம். அதனருகே குறவஞ்சியும் இருக்கட்டும். பாபநாசத்து ஆலையில் உழைத்தவர், மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர், துறையில் நீராடியவர், துறைக்கு வரவிடாமல் நிறுத்தப்பட்டவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்தம் வீட்டு முதியோர் சொல்வதை எழுதிவாங்கி அதே சுவரில் ஒட்டலாம். பிள்ளைகளைப் படத்தின் முன் நிறுத்தி, முதலில் அருவியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாறையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். செம்பும் அமிலமும் செய்த விந்தையை விளக்க வேண்டும். அதன்பின் உருப்பெருக்கி ஆடி ஒன்றைக் கையில் கொடுத்து, கீழே நிற்கும் அந்த ஓரங்குல மனிதர்களைக் காட்டி, இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், மாலையானதும் எங்கே போவார்கள் என்று கேட்கலாம்.